வாசனையில்லாத புகை

சுமைராவுக்குச் சத்தம் என்றால் ஆகாது. சிவகாசியில் பிறந்து வளர்ந்த பெண் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? தீபாவளி நெருங்கி ஆலைக்காரர்கள் புதுச் சரக்கை வெடித்துப் பார்க்கும் நாட்களில், அத்தாவின் மளிகைக் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிற்பாடு அவள் மண்ணியல் எடுத்துப் படித்தபோது, கூடப்பிறந்த மூத்தவளான ராத்தா சித்திகா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்: "மண்ணு வெடிக்காதுல்ல, அதான்."

இப்போது சுமைரா விருதுநகரில் ஒரு கல்லூரியில் ஆசிரியை. ஆமத்தூரில் தொடங்கி ஆனைக்குட்டம் அணைப் பக்கம் வரைக்கும், பட்டாசு ஆலைகளைச் சுற்றியுள்ள மண்ணில் என்னென்ன உலோகம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும் வேலையை அவள் ஏற்றிருந்தாள். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அதன் மூக்கை மண்ணில் பதித்து விசையை அழுத்தினால், சற்று நேரத்தில் சின்னத் திரையில் உலோகங்களின் பெயரும் அளவும் வரும். நகைக்கடையில் தங்கம் சோதிக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே மெஷின்தான்.

அந்த மண்ணில் என்ன இருக்கும் என்று அவளுக்குப் பாதி முன்னாலேயே தெரியும். பச்சை நிறம் தரும் பேரியம், சிவப்புத் தரும் ஸ்ட்ரான்சியம், கொஞ்சம் செம்பு, சில இடங்களில் ஈயம். வீணான மருந்தைக் கொட்டி எரிக்கும் பொட்டல்களில் இவை கூடுதலாக இருக்கும். மற்ற இடங்களில் குறைவு. ஒவ்வொரு இடமாகப் பதித்து, மண்ணைப் பையில் அள்ளி, பெயர் எழுதிக் கட்டிக்கொண்டு போவாள். சலிப்பான வேலை. அந்தச் சலிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

புரட்டாசி மாதத்து ஒரு காலையில், ஒரு சின்னக் கண்மாய்க்கு மேலே இருந்த கருவேலங்காட்டு ஓரத்தில் அவள் கருவியைப் பதித்தபோது, திரையில் பாதரசம் என்று வந்தது.

அவள் முகத்தைச் சுளித்தாள். பட்டாசில் பாதரசத்துக்கு வேலையில்லை. மெஷினுக்குத்தான் கோளாறு என்று மூக்கைத் துடைத்து, சரிபார்ப்பதற்கென்று வைத்திருந்த மண்ணில் வைத்துப் பார்த்தாள். கோளாறு இல்லை. கொஞ்சம் தள்ளிப் பதித்தாள். பாதரசம் கூடியது. முள்ளை விலக்கிக்கொண்டு காட்டுக்குள் இன்னும் கொஞ்சம் போய்ப் பதித்தாள். இன்னும் கூடியது. கூடவே வெள்ளி, செம்பு, காட்மியம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

காட்மியம் என்ற பெயரை அவள் இரண்டு தரம் படித்தாள். கே.டி.எம். நகை என்று எல்லோரும் சொல்கிறோமே, அதில் பற்றவைக்கப் பயன்பட்ட உலோகம் அது. வெள்ளியும் செம்பும் காட்மியமும் ஓர் இடத்தில் சேர்ந்து கிடந்தால் அது நகைப்பட்டறைக் குப்பை. அதோடு பாதரசமும் சேர்ந்தால்?

ஆராய்ச்சிப் படிப்புக்காக அவள் கர்நாடகத்தில் மூடிக்கிடந்த ஒரு தங்கச் சுரங்கத்தின் பக்கம் கொஞ்ச காலம் தங்கியிருந்தாள். சுரங்கக் கழிவு மண்ணை ஆட்கள் திருட்டுத்தனமாக அள்ளிவந்து, பாதரசத்தை விட்டுப் பிசைந்து, ஒட்டிவரும் தங்கத்தை அடுப்பில் வைத்துப் பிரிப்பார்கள். சூட்டில் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் தங்கிவிடும். அந்த ஆவி மனிதர்களை என்ன செய்யும் என்பதை அவள் அங்கே பார்த்திருக்கிறாள். டீயைக் குடிக்க முடியாமல் குனிந்து உறிஞ்சும் ஆண்களைப் பார்த்திருக்கிறாள். தன் பெயரைக் கையெழுத்துப் போட முடியாமல் அழுத ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறாள்.

தங்கம் வெட்டும் ஊர் மண், தங்கமே இல்லாத இந்தக் கரிசல் காட்டில் எப்படி வந்தது?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கருவேல மரங்களுக்கு இடையே, கொஞ்ச தூரத்தில், பழைய பட்டாசு ஷெட் ஒன்று தெரிந்தது. கம்பெனி மூடிப் பல வருஷமாகிப்போன ஷெட். கதவு சாத்தியிருந்தது. ஆனால் கூரை ஓரத்திலிருந்து நூல் மாதிரி புகை போய்க்கொண்டிருந்தது.

சுமைரா கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வந்த வழியே வேகமாக நடந்தாள். ஓடவில்லை என்று பிற்பாடு சொன்னாள். ஓடினாள் என்பதுதான் உண்மை.

மண் மூட்டைகளை வைத்துக்கொள்ள அவளுக்கு இடம் கொடுத்திருந்தது அந்த ஊர்த் துணைச் சுகாதார நிலையம். அங்கே நர்ஸாக இருந்தவர் ஞானபூரணி. நாசரேத்துப் பக்கத்துப் பெண். இந்தக் கிராமங்களிலேயே முப்பது வருஷம் ஊசி போட்டுத் தலை நரைத்தவர். சுமைரா மூச்சு வாங்க வந்து நின்றதும் தண்ணீரை எடுத்து நீட்டினார்.

"என்னத்தெப் பாத்துப் பயந்தே? பாம்பா?"

"பூரணிக்கா, இங்கன யாருக்காவது கை நடுங்குதுன்னு வந்திருக்காங்களா? ஈறுல ரத்தம் வருது, தூக்கம் இல்ல, சும்மா சும்மா கோவம் வருதுன்னு?"

ஞானபூரணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ராக்காயின்னு ஒருத்தி. புருசன் விட்டுட்டுப் போயிட்டான். கை அப்படி ஆடுது. நரம்புத் தளர்ச்சின்னு சத்து மாத்திரை குடுத்தேன். அவளை விடு, அவ பிள்ளை இருக்கே பிரீத்திகா, அதுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் ரோஸ் கலர்ல சிவந்து தோல் தோலா உரியுது. ஓயாம வேர்க்குது. தொட்டா அழுகை. சொறிக்குப் போடுற களிம்பு குடுத்தேன். கேக்கல."

சுமைராவின் கையிலிருந்த டம்ளர் வழியிலேயே நின்றது. உரியும் சிவந்த உள்ளங்கை. பாதரசம் ஏறிய குழந்தைகளுக்கு அப்படி வரும் என்று புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. அந்தப் பக்கத்தை அவள் எப்போதும் வேகமாகத் திருப்பிவிடுவாள்.

"அவங்க எங்க இருக்காங்கக்கா?"

"கண்மாய்க்கு மேல பழைய ஷெட்டுல காவல் வேலைன்னு சொன்னா. அங்கனயே பிள்ளையையும் வச்சுக்கிட்டுப் படுத்துக்கிடுவா."

போலீசுக்குச் சொல்லலாமா என்று சுமைரா கேட்டாள். என்னவென்று சொல்லுவாய் என்று ஞானபூரணி திருப்பிக் கேட்டார். அடுப்பில் புகை வருகிறது என்றா? தீபாவளி சீசனில், ஊரே மருந்தும் திரியுமாக இருக்கும்போது, ஒரு அடுப்புப் புகைக்கு யார் வரப்போகிறார்கள்? முதலில் பிள்ளையைத் தூக்கிவந்துவிடுவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றார். சுமைராவுக்குப் போக மனமே இல்லை. ஆனால் ஞானபூரணி அதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

ஷெட் கதவைத் தட்டியதும் ராக்காயி திறந்தாள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும், பார்க்க ஐம்பது சொல்லலாம். நர்ஸைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க நர்சம்மா. என்ன இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக?"

உள்ளே இருட்டு. கண் பழகிய பிறகுதான் சுமைராவுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒரு பக்கம் அடுக்கிய சாக்கு மூட்டைகள். நடுவில் சிமெண்டுத் தொட்டியும் அதில் சேறும். மூலையில் கரி அடுப்பு, அதன்மேல் ஒரு மண்சட்டி. சட்டிக்குள் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை வெந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு எட்டாத தூரத்தில் தரையில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு மூன்று வயதுக் குழந்தை உட்கார்ந்திருந்தது. தட்டில் வெள்ளி மணிகள். குழந்தை விரலால் தொட்டதும் ஒரு மணி இரண்டாக உடைந்து ஓடியது. மறுபடி தொட்டதும் இரண்டும் சேர்ந்து ஒன்றாயின.

"அதைக் குடுத்தாத்தான் அழாம இருக்கும்," என்றாள் ராக்காயி.

குழந்தையின் உள்ளங்கை வெந்த மாதிரி சிவந்திருந்தது. ஞானபூரணி குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பிள்ளை வீறிட்டது.

"ராக்காயி, நான் சொல்றதைக் கேளுங்க," என்றாள் சுமைரா. "இந்த அடுப்புல இருந்து வர்றது விஷம். ஒங்க கை நடுங்குறதும் பிள்ளைக்குத் தோல் உரியுறதும் இதனாலதான். இப்பவே வெளிய வாங்க."

"விஷமா? ஒரு வாடையும் இல்லையே டீச்சர்."

"வாடை இருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பீகளே. இல்லாததுதான் மோசம்."

ராக்காயி அவளையும் நர்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். "சட்டியை அப்படியே போட்டுட்டு வந்தா வேலை குடுத்த அண்ணன் ஏசுவாரு," என்று முணுமுணுத்தாள். அப்போதே வெளியில் வண்டிச் சத்தம் கேட்டது.

லோடு ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தவன் முத்துப்பாண்டி. மதுரை, கோயம்புத்தூர் நகைப்பட்டறைகளில் கூட்டிப் பெருக்கிய மண்ணையும், கை கழுவிய தண்ணீர் வண்டலையும் மொத்தமாக வாங்கிவந்து தங்கம் பிரிப்பது அவன் தொழில். ஊருக்குள் செய்தால் ஆட்கள் கேள்வி கேட்பார்கள் என்று இந்த ஷெட்டை வாடகைக்குப் பிடித்திருந்தான். வாசலில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தே அவன் முகம் மாறியிருக்க வேண்டும். உள்ளே வந்தவன் கண் நேராகச் சுமைராவின் தோளில் தொங்கிய பையில் விழுந்தது. கருவியின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"தங்கம் பாக்குற மெஷினு! யாரு அனுப்புனது? எந்தக் கம்பெனி?"

"தங்கம் பாக்க வரல. நான் காலேஜ் டீச்சர். மண்ணுல..."

"ஏய்! யாருகிட்ட கதை விடுதே?"

அவன் கத்திய கத்தலில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. பையைப் பிடுங்கினான். அவள் கையிலிருந்த போனையும் பிடுங்கினான். ஞானபூரணியின் போன் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்தது. "ஏலே முத்துப்பாண்டி, ஒன் கல்யாணத்துக்கு முந்தியே ஒனக்கு ஊசி போட்டவ நான்," என்று ஞானபூரணி சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை. பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்டி, இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டான். "தங்கம் வாங்குற அண்ணாச்சிகிட்ட போன்ல கேட்டுட்டு வாரேன், அதுவரைக்கும் உள்ளயே கெடங்க," என்ற குரல் விலகிப் போயிற்று.

பிறகு சுமைரா அடுப்பைப் பார்த்தாள்.

கதவு திறந்திருந்தவரைக்கும் ஆவி வெளியே போக ஒரு வழி இருந்தது. இப்போது இல்லை. அந்த உருண்டை சட்டியில் வெந்துகொண்டே இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை, தொண்டையில் ஒரு கமறல்கூட இல்லை. அடைத்த அறைக்குள் இப்படிச் சூடாக்கி, நுரையீரல் வெந்து செத்த குடும்பங்களைப் பற்றி அவள் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறாள். பாடத்தில் அது இரண்டு வரிதான். மூச்சை அடக்கிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? விட்டுவிட்டு இழுத்தபோது, இதோ உள்ளே போகிறது என்று தோன்றியது.

"தண்ணியை ஊத்திரட்டா?" என்று ராக்காயி செம்பை எடுத்தாள்.

"வேண்டாம்! சூட்டுல ஊத்துனா தெறிச்சு மொத்தமும் மேல கிளம்பிரும்." தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. "தொட்டிச் சேறு வேண்டாம். நல்ல மண்ணு இருக்கா, ஈர மண்ணு?"

குடிதண்ணீர்ப் பானைக்கு அடியில் ஆற்று மணல் பரப்பியிருந்தது. சுமைரா துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டாள். அதனால் ஒரு பயனும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சுற்றிக்கொண்டாள். மணலை முறத்தில் அள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுப்பிடம் போய்க் கங்கின் மேல் கொட்டினாள். திரும்பி ஓடிவந்து கதவு இடுக்கில் மூச்சு விட்டாள். மறுபடி அள்ளினாள், கொட்டினாள். சட்டியின் மேல் ஒரு தகரத் தட்டைக் கவிழ்த்து, அதன்மேலும் மணலைப் போட்டாள். கங்கு அணைந்துவிட்டது. ஆனால் சட்டியின் சூடு அவ்வளவு சீக்கிரம் அடங்காது. ஏற்கெனவே கிளம்பிய ஆவியும் அறைக்குள்ளேயே இருந்தது.

கதவுக்கு அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. குழந்தையைத் தரையில் படுக்கவைத்து அதன் முகத்தை அந்த இடைவெளியில் பிடித்துக்கொண்டார் ஞானபூரணி. வாய்க்குள் ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. இடையிடையே பிள்ளையிடம், "அந்தா பாரு, எறும்பு போவுது, பாரு," என்றார்.

"பட்டாசு ஷெட்டுக்கு நாலு பக்கமும் கதவு இருக்கணுமே," என்றாள் சுமைரா திடீரென்று. தீப்பிடித்தால் எந்தப் பக்கமும் ஓட வேண்டுமே என்றுதானே அப்படிக் கட்டுவது. சிவகாசியில் பிறந்த யாருக்கும் இது தெரியும். "மத்த கதவெல்லாம் எங்க?"

ராக்காயி கையைக் காட்டினாள். கை ஆடிக்கொண்டிருந்ததால் எந்தப் பக்கம் காட்டுகிறாள் என்று புரியவில்லை. இரண்டு கதவுகளைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். புகை வெளியே தெரியக்கூடாது என்று முத்துப்பாண்டி செய்த வேலை. உயிர் தப்ப வைத்த வாசல்கள் சுவராகிக் கிடந்தன. மூன்றாவது, மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கம் இருந்தது. "அதுக்குக் கல்லு பத்தல. தகரம் வச்சு அடிச்சிருக்காரு," என்றாள்.

மூட்டைகள் கனத்தன. நகைப்பட்டறை மண் சாதாரண மண்ணைவிடக் கனமானது. சுமைரா ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். ராக்காயியால் பிடிக்க முடியவில்லை. விரல்கள் சாக்கைப் பற்றுவதற்கு முன்னாலேயே நழுவின. அவள் அழுதாள். பிறகு திரும்பி உட்கார்ந்து, சுவரில் காலை ஊன்றி, முதுகால் மூட்டையைத் தள்ளினாள். ஒவ்வொன்றாக விலகின. சுமைராவுக்கு நெஞ்சு இறுகியது. அது பாதரசமா, பயமா, மூட்டை தூக்கிய களைப்பா என்று தெரியவில்லை. தெரியாததுதான் அவளை வதைத்தது. ஒரு நெருப்பென்றால் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம்.

தகரம் தெரிந்ததும் அவள் காலால் உதைத்தாள். இடி விழுந்த மாதிரி சத்தம். வாழ்நாள் முழுக்கச் சத்தத்துக்கு ஒளிந்தவள் மறுபடி உதைத்தாள், மறுபடி, மறுபடி. ஒரு பக்கத்து ஆணிகள் பிடுங்கிக்கொண்டன. வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. ராக்காயி அந்த இடுக்கில் தோளைக் கொடுத்து நெம்பினாள். குழந்தையை முதலில் வெளியே கொடுத்தார்கள். பிறகு ஞானபூரணி. பிறகு ராக்காயி. கடைசியாகச் சுமைரா ஊர்ந்து வெளியே விழுந்து, முள்ளென்றும் பாராமல் தரையில் முகத்தை வைத்து மூச்சு இழுத்தாள்.

சத்தம் கேட்டு முத்துப்பாண்டி ஓடிவந்தான். கையில் இரும்புக் கம்பி. சுமைரா கையை ஊன்றி எழுந்தாள். அவன் கண் சிவந்திருந்தது. அடிப்பான் என்றே நினைத்தாள். அப்போதுதான் கம்பியின் முனையைக் கவனித்தாள். அது காற்றில் சின்னச் சின்ன வட்டமாக ஆடிக்கொண்டிருந்தது.

ஞானபூரணியும் அதைப் பார்த்துவிட்டார்.

"முத்துப்பாண்டி, கையை நீட்டு," என்றார். பயமே இல்லாத, அதட்டலான நர்ஸ் குரல். "கம்பியைக் கீழ போட்டுட்டு ரெண்டு கையையும் நீட்டு."

"எதுக்கு?"

"ராத்திரி தூக்கம் வருதா ஒனக்கு?"

அவன் கம்பியை மற்றக் கைக்கு மாற்றினான்.

"பல்லு தேய்க்கும்போது ரத்தம் வருதா?"

"வாயில எப்பவும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு மெதுவாக, "செம்புக்காசை நக்குன மாதிரியே இருக்கு," என்றான். கம்பி கீழே விழுந்தது. நீட்டிய விரல்கள் பத்தும் காற்றில் தந்தியடித்தன. "முன்ன எனக்கு இம்புட்டுக் கோவம் வராது நர்சம்மா. இப்ப எதுக்கெடுத்தாலும்..."

"அந்தக் கோவமே இதுல இருந்து வர்றதுதான்," என்றாள் சுமைரா.

அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவன் கேட்ட கேள்வியைச் சுமைரா இன்னும் மறக்கவில்லை. "மழை நேரத்துல வீட்டு அடுப்புல வச்சிருக்கேனே. அடுப்படியில. அவ சமைக்குற அடுப்புல. அதனால வீட்டுல உள்ளவளுக்கு ஏதாச்சும் ஆகுமா? லட்சுமிகாந்தத்துக்கு ரெண்டு தரம் கரு கலைஞ்சிருச்சு. இப்ப மூணாவது உண்டாயிருக்கா."

ஞானபூரணி கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். அதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. அடிபட்ட மாதிரி அப்படியே உட்கார்ந்தான்.

அவர்களைச் சிவகாசிக்குக் கொண்டுபோனது அவனுடைய லோடு ஆட்டோதான். பின்னால் ராக்காயியும் நர்ஸும் பிள்ளையும். வழியில் வீட்டில் நிறுத்தி மனைவியை ஏற்றிக்கொண்டான். என்ன ஏது என்று அவள் கேட்டதற்கு, "ஏறு, ஏறு," என்று மட்டும் சொன்னான். முன்சீட்டில் சுமைரா, அவன் திருப்பிக் கொடுத்த பையும் போனும் மடியில். அவன் கை ஆடும்போதெல்லாம் ஸ்டியரிங்கும் ஆடியது. எதிரே பட்டாசு லோடு ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இந்த வண்டி அந்த லாரிகளில் ஒன்றில் போய் மோதாமல் இருக்க வேண்டுமே என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அங்கிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரி. சோதனை முடிவுகள் வர நாளாயிற்று. பிரீத்திகாவின் உடம்பில் இருந்த அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் சுமைராவை வராந்தாவுக்கு அழைத்துவந்துதான் சொன்னார். விஷத்தைப் பிரித்து வெளியேற்றும் மருந்தைக் கொடுத்தார்கள். தோல் உரிவது நின்றது. வேர்வை நின்றது. ஆனால் பேச்சு வர வேண்டிய வயதில் பிள்ளைக்கு நாலைந்து வார்த்தைக்கு மேல் வரவில்லை. வருமா என்று ராக்காயி கேட்டபோது, பார்க்கலாம் என்றார்கள். ராக்காயியின் நடுக்கம் பாதி குறைந்தது. லட்சுமிகாந்தத்தின் மூன்றாவது கருவும் தங்கவில்லை. சுமைராவின் சிறுநீரிலும் பாதரசம் இருந்தது. கொஞ்சம்தான், போய்விடும் என்றார் டாக்டர். போகும்வரை அவள் ஒவ்வொரு காலையும் கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள். ஆனால் மண்ணுக்குச் சீல் வைக்க முடியாதே. அந்தச் சரிவில் பெய்யும் மழை நேரே கண்மாய்க்குத்தான் போகும். கண்மாயில் மீன் பிடிப்பார்கள், மாடு குடிக்கும். ஐப்பசி பிறந்துவிட்டது. சுமைரா பகல் முழுக்கக் கருவியோடு அந்தக் காட்டில் நடந்தாள். எங்கே வரைக்கும் பரவியிருக்கிறது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சுண்ணாம்பால் எல்லை போட்டுக்கொடுத்தாள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், போனார்கள், மறுபடி வந்தார்கள். கடைசியில் மண்வெட்டும் இயந்திரம் வந்து மேல்மண்ணை வழித்து, தார்ப்பாய் விரித்த லாரிகளில் ஏற்றியது. பாதி முடிந்திருந்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஊர் மழைக்குச் சந்தோஷப்பட்டது. சுமைரா சுகாதார நிலையத்து ஜன்னலில் நின்று, சரிவில் கரிசல் கலங்கி இறங்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மழை விட்ட பிறகு கண்மாய்க்குள் இறங்கும் வாய்க்காலில் வண்டலை எடுத்துச் சோதித்தாள். பாதரசம் வந்தது. அந்த வருஷம் கண்மாயில் மீன் பிடிக்கக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள். போட்ட பிறகும் சிலர் பிடித்தார்கள்.

முத்துப்பாண்டி மேல் வழக்கு நடந்தது. ஜாமீனில் வந்திருந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைப் பார்த்தான். இளைத்திருந்தான். பக்கத்தில் வர யோசித்து, பிறகு வந்தான்.

"டீச்சர், நான் ஒருத்தன் மட்டும் இல்ல. இந்த வேலை பாக்குறவுக இன்னும் இருக்காக. எங்கெங்கன்னு எனக்குத் தெரியும். போலீசுகிட்டயும் சொல்லியிருக்கேன். ஒங்ககிட்டயும் சொல்லணும்."

"சொல்லுங்க."

அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். சாத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டம். ராஜபாளையம் ரோட்டில் ஒரு கோழிப்பண்ணை. அப்புறம் விருதுநகரில், பஜாருக்குப் பின்னால், ஒரு சந்து. அந்தச் சந்தின் பெயரைக் கேட்டதும் சுமைரா அவனைத் திரும்பவும் சொல்லச் சொன்னாள். அவள் வீட்டுப் புறவாசல் அந்தச் சந்தில்தான் திறக்கிறது. அதே வீட்டில் இருக்கும் ராத்தா சித்திகாவின் மகள் தஹ்மீனா பள்ளி விட்டு வந்ததும் அங்கேதான் விளையாடுவாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் போனைக் கையிலேயே பிடித்திருந்தாள். ராத்தாவை அழைத்து, பிள்ளையைச் சந்துக்கு விடாதே என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு வந்து சொல்கிறேன் என்றாள். வீட்டுக்குள் போகவில்லை. பையிலிருந்து கருவியை எடுத்து முதலில் தன் வீட்டுப் புறவாசல் மண்ணில் பதித்தாள். திரை சுற்றிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் வாய் தானாகவே அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொன்னது. ஒன்றுமில்லை. வாசலைத் தாண்டினாள். அங்கும் ஒன்றுமில்லை. சந்துச் சாக்கடை ஓரம் போய்ப் பதித்தாள். பாதரசம். இன்னும் நாலு வீடு தள்ளிப் பதித்தாள். கூடியது.

நீலக் கதவு போட்ட ஒரு பட்டறை. உள்ளே ஊதுகுழல் சத்தமும் அடுப்புப் புகையும். கதவைத் தட்ட அவளுக்குக் கை வரவில்லை. ஷெட்டின் இரும்புக் கதவு சாத்தப்பட்ட அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் ஞானபூரணியையோ போலீசையோ அழைத்துக்கொண்டு வந்தால் என்ன என்று நின்றாள். அவர்களுக்கும் போன் செய்தாள். வருகிறோம் என்றார்கள். உள்ளே ஒரு குழந்தை இருமுவது கேட்டது.

அவள் தட்டினாள். வெற்றிலை போட்ட வாயோடு ஒரு பெரியவர் கதவைத் திறந்து, பழகிய சிரிப்போடு, "வாம்மா. நகை ஏதும் மாத்தணுமா?" என்றார்.

"இல்லைங்க," என்றாள் சுமைரா. உள்ளே போகாமல் கதவை நன்றாகத் திறந்து பிடித்துக்கொண்டாள். "மொதல்ல பிள்ளையை வெளிய அனுப்புங்க. அப்புறம் அடுப்பை அணைங்க. தண்ணி ஊத்தாதீக."